பெட்டிக்குப் போட்ட மாலை

காலை ஆறு ஐம்பது. சென்னை வண்டி ராஜபாளையம் ஸ்டேஷனில் நின்றதும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு டிரங்குப் பெட்டி. நீல பெயின்ட் அடித்தது. இரண்டாம் வகுப்பு வாசலில் ஆள் யாரும் தெரியாமல் அது மட்டும் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து யாரோ தள்ளுகிறார்கள். பாதி வந்ததும் ஒரு போர்ட்டர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்.

ஆடி மாதம். மேற்கே மலையின் மேல் மேகம் இறங்கியிருந்தது. பிளாட்பாரத்தின் கடப்பைக் கல்லில் ஈரம். ஏழு மணி ஷிப்டுக்கான மில் சங்கு இன்னும் ஊதவில்லை.

நாங்கள் மூன்று பேர் காத்திருந்தோம். ஜவுளி வியாபாரிகள் சங்கத் தலைவர் நரசிம்ம ராஜா கையில் ரோஜா மாலையோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் துணைத் தலைவர் காதர் மைதீன் பாய். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகே கட்பீஸ் கடை வைத்திருந்தவர். மூன்றாவது ஆள் நான். மதுரை நாளிதழ் ஒன்றுக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே நிருபராக இருந்தேன்.

வரவேண்டியவர் சேவியர் மாஸ்டர். சினிமாவுக்கு உடை தைப்பவர். அந்த ஆண்டு வந்த ஒரு ஜமீன் கதைப் படத்துக்காக ‘சிறந்த திரைப்பட உடை’ என்ற கேடயத்தை அவருக்குக் கொடுக்கச் சங்கம் தயாராக இருந்தது.

சங்கச் செயலாளர் சண்முகவேல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரெடிமேடு கடை வைத்திருந்தவர். மாஸ்டருக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவர் அங்கேயே இந்த வண்டியில் ஏறியிருந்தார். இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்து இறங்கினார்.

“அண்ணாச்சி, வண்டி பூரா அலசிட்டேன். மாஸ்டர் ஏறவே இல்ல. தாடி வச்ச ஆளு ஒருத்தரு இருந்தாரு, அவரா இருக்கும்னு போய்க் கேட்டா, செங்கோட்டைக்குப் பொண்ணு பாக்கப் போறாராம்.”

டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெண் இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சாயம் மங்கிய பச்சை நூல் சேலை, தோளில் ரெக்ஸின் பை.

“ஜவுளிச் சங்கத்துலேருந்து வந்திருக்கீங்களா சார்? பெட்டியைக் கீழ வைக்க வேணாம், தரை ஈரமா இருக்கு.”

சண்முகவேல் திரும்பிப் பார்த்தார். “நீங்க எனக்கு எதுத்த சீட்டுல வந்தவியதான?”

“ஆமா. போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் மாஸ்டரான்னு கேட்டீங்க. என்கிட்ட மட்டும் கேக்கல.”

ராஜா ஓரடி முன்னால் வந்தார். “மாஸ்டர் வரலியாம்மா?”

“அவர் போன கார்த்திகையில தவறிட்டாருங்க. நான் அவர் வீட்டுக்காரி. ரெஜினா.”

ராஜாவின் கையில் மாலை இருந்தது. ஆண்கள் ஒரு பெண்ணுக்கு மாலை போடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதுவும் கணவரை இழந்தவருக்கு. வாங்கிவந்த மாலையைத் திருப்பிக் கொண்டுபோவதும் வழக்கமில்லை. ராஜா பாயைப் பார்த்தார். பாய் பெட்டியைப் பார்த்தார்.

“பெட்டிக்குப் போட்டுருங்க ராஜா” என்றார் பாய். “ஜவுளிதான வந்திருக்கு.”

ராஜா மாலையைப் பெட்டிக்குப் போட்டார். பெட்டி போர்ட்டரின் தலைக்கு ஏறியதும் மாலையின் குஞ்சம் அவர் மூக்குக்கு நேராகத் தொங்கியது. ஸ்டேஷன் வாசல்வரை அவர் தும்மிக்கொண்டே நடந்தார்.

ஆடியில் பிறந்த பரிசு

சினிமாவில் உடைக்குப் பரிசு என்பது எல்லா இடத்திலும் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. அமெரிக்காவில் உலகமே பேசும் அந்தப் பரிசில்கூட, தொடங்கி இருபது ஆண்டுக்குப் பிறகே உடைக்கு இடம் கிடைத்தது. அப்போது கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒன்று, வண்ணப் படத்துக்கு ஒன்று என இரண்டாகக் கொடுத்தார்கள். டெல்லியில் தேசிய விருதுகள் ஐம்பதுகளிலேயே தொடங்கிவிட்டன. உடை வடிவமைப்புக்குத் தனி விருது வந்தது எண்பதுகளின் நடுவில்.

அதுவரை நம் படங்களில் உடைக்காரர் பெயர் எங்கே வரும் என்று பழைய படம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். எழுத்துப் போடும்போது ஒரே அட்டையில் பத்துப் பெயர். சிகை அலங்காரம், நகைகள், செட் சாமான்கள், நடுவில் எங்கோ ‘உடைகள்’. படிப்பதற்குள் அட்டை மாறிவிடும்.

ராஜபாளையத்தில் இந்தப் பரிசு பிறந்த காரணம் எளிமையானது. ஆடித் தள்ளுபடி. ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது, ஜவுளிக்கடைகளில் ஈ ஓட்டுவார்கள். ஆனால் அதே ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கான்சாபுரம் என்று மலையடிவாரத்துச் சனம் முழுக்கத் தேருக்கு வந்து சேரும். அந்தக் கூட்டத்தைக் கடைப்பக்கம் திருப்புவதற்குச் சினிமா சம்பந்தமாக ஒரு விழா வேண்டும் என்றார் சண்முகவேல்.

நடிகருக்குப் பரிசு என்றால் நடிகர் வரவேண்டும். அதற்குச் சங்கத்தால் ஆகாது. “நம்ம சரக்கு துணி. துணிக்குக் குடுப்போம்” என்றார் ராஜா. அதுதான் தீர்மானம்.

டெல்லிக்கு முன்னால் நாம் கொடுத்துவிட்டோம் என்று சண்முகவேல் பல ஆண்டுகள் மேடைகளில் பேசினார். இரண்டும் ஒரே சமயத்தை ஒட்டி நடந்தவை. எது முன், எது பின் என்று அறுதியிட்டுச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

தொட்டுப் பார்க்கும் நடுவர்கள்

தேர்வுமுறை பற்றித்தான் சொல்லவேண்டும். உலகத்தில் வேறு எந்தப் பரிசுக்கும் இப்படி ஒரு விதி இருந்திருக்காது.

ஜவுளிக்காரர்கள் துணியைக் கண்ணால் பார்த்து விலை சொல்ல மாட்டார்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்க்கவேண்டும். காதர் மைதீன் பாய் அப்போது கண்ணை வேறு மூடிக்கொள்வார். வாடிக்கையாளரோடு வந்த குழந்தையின் சட்டையைக்கூட அவர் கை தானாகத் தேய்த்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

“படத்தப் பாத்தா போதும் பாய், திரையிலயே தெரியுமே” என்று அவரிடம் சொல்லிப் பார்த்தோம்.

“திரையில தெரியிறது வெளக்கு. துணி எங்கன தெரியுது? தொட்டுப் பாக்காம மார்க்குப் போட என்னால ஆகாது.”

ஆகவே ஐந்து பட கம்பெனிகளுக்குக் கடிதம் போனது: தங்கள் படத்தில் பயன்படுத்திய உடைகளைப் பார்வைக்கு அனுப்பி உதவவும். நான்கு கம்பெனிகள் பதிலே போடவில்லை. ஒரு முகவரியிலிருந்து மட்டும் ‘உடைகளோடு வருகிறோம்’ என்று தந்தி வந்தது. அனுப்பியவர் இடத்தில் ‘சேவியர்’ என்றிருந்தது; அனுப்பியது ரெஜினா என்று பிறகுதான் தெரிந்தது. தந்தி கைக்கு வந்த அன்றே சண்முகவேல் மதுரைக்குப் போய்க் கேடயம் செய்யக் கொடுத்துவிட்டார். போட்டிக்கு ஒரே பெட்டிதான் என்று அவருக்குத் தெரியும். பாய்க்கு அது பிடிக்கவில்லை.

“வரப்போறது ஒத்தப் பெட்டிதான்லே. ஆனா தேறலைன்னா தேறலைன்னு சொல்லிப்புடுவேன்” என்றார்.

அன்று காலை அவர் கடையில், ஜமுக்காளம் விரித்த பலகையின் மேல் பெட்டி திறந்தது. பாச்சை உருண்டை வாசனையும் பழைய ரோஸ்பவுடர் வாசனையும் கலந்து வந்தன. ரெஜினா ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். ஜமீன்தாரின் கருஞ்சிவப்பு வெல்வெட் அங்கி. ராணியின் பட்டு. திவானின் கோட்டு. வேலைக்காரி சேலை.

பாய் அங்கியின் முன்பக்கத்தைத் தேய்த்தார். தலையை ஆட்டினார். கையை உள்ளே விட்டு முதுகுப்பக்கம் தொட்டார். கண்ணைத் திறந்துவிட்டார்.

“என்னம்மா இது? முதுகுல துணியவே காணோம்.”

ராஜா எட்டிப் பார்த்தார். முன்பக்கமெல்லாம் வெல்வெட்டும் சரிகையும். பின்பக்கம் வெறும் வெள்ளைச் சல்லடைத் துணி. அவர் அதை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

“பாய், இது பேண்டேஜ் துணி! நம்ம சத்திரப்பட்டித் தறியில ஓடுறது. ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தோம், ஜமீன்தார் முதுகுக்குல்லா போயிருக்கு!”

“ஏமாத்து வேலையால்ல இருக்கு” என்றார் சண்முகவேல்.

ரெஜினா அமைதியாகச் சொன்னார். “லைட்டுக்கு அடியில ஒரு நாள் பூரா வெல்வெட்டைப் போட்டா ஆளு மயங்கி விழுந்துடுவாருங்க. அந்த நடிகருக்கு வேர்க்குரு வேற. படத்துல ஜமீன்தார் ஒரு இடத்துலயும் முதுகைக் காட்ட மாட்டாரு. டைரக்டர்கிட்ட கேட்டுக்கிட்டுதான் செஞ்சோம்.”

“அப்ப திரும்பி நடக்கிற எடத்துல?” என்றார் சண்முகவேல்.

“அதுக்கு மேல சால்வை.”

பாய் அங்கியை மறுபடி எடுத்தார். முன்பக்கமும் பின்பக்கமும் சேரும் பக்கவாட்டுத் தையலை நெடுநேரம் தடவினார். “கனத்த துணியையும் காத்து மாதிரி துணியையும் சுருக்கம் விழாம சேத்திருக்கு. மார்க்குப் போடலாம்லே” என்றார்.

கடைப்பையன் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான். பரிசு உறுதி என்பதுபோல எல்லோரும் உட்கார்ந்தோம். அப்போதுதான் ரெஜினா கேட்டார்.

“கேடயத்துல யார் பேரு சார் போட்டிருக்கீங்க?”

பலகையில் இருந்த பெயர்கள்

சண்முகவேல் பெருமையோடு கேடயத்தைத் துணியிலிருந்து பிரித்தார். தேக்குப் பலகை. நடுவில் பித்தளைத் தகடு. ‘சிறந்த திரைப்பட உடை – திரு. சேவியர் மாஸ்டர் அவர்கள்.’ மதுரையில் வெட்டியது. எழுத்து அழகாக இருந்தது.

ரெஜினா வாசித்தார். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“இதை என் பேருக்கு மாத்த முடியுமா சார்?”

படம் தொடங்கிய சில வாரங்களிலேயே மாஸ்டருக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. மீதியை எல்லாம் இவர்தான் தைத்தார். படம் முடிந்தபோது கம்பெனிக்காரர்கள் மரியாதைக்காக மாஸ்டர் பெயரையே அட்டையில் போட்டார்கள். இவரும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

“ஆவணியில இன்னொரு கம்பெனி பூஜை போடுறாங்க. போய்க் கேட்டேன். மேனேஜர் நல்ல மனுசர்தான். ‘நீ தைப்பேன்னு எனக்குத் தெரியும்மா, முதலாளி கேட்டா நான் எதைக் காட்டுறது? ஒரு படத்துலயாவது உன் பேரு இருக்கா?’ன்னாரு. என் பேரு ரேஷன் கார்டைத் தவிர வேற எங்கயும் இல்லீங்க. ரெண்டு பொண்ணுங்க. பட்டன் கட்டுற வேலைக்கு வேணா வா, மாஸ்டரா எடுக்க முடியாதுன்னுட்டாங்க.”

ராஜா யோசித்தார். கணக்கு எதுவும் போடும்போது அவர் உதடு தெலுங்கில் அசையும். அன்றும் அசைந்தது. பிறகு, நல்லது சொல்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு பேசினார்.

“பேரை மாத்தாதம்மா. எங்க நாயினா தவறி எம்புட்டோ வருசம் ஆச்சு. கடைக்கு இன்னமும் அவிய பேருதான். பில்லுலயும் அவிய பேருதான். என் பேரு எங்கயுமே கெடையாது. அந்தப் பேருக்குத்தான் மில்லுக்காரன் சரக்குக் குடுக்கான்.”

“எங்க அத்தா பேருதான் என் கடைக்கும்” என்றார் பாய். “வெளியூர்ல இருந்து வர்றவன் என்னயவே அவிய பேரு சொல்லிக் கூப்புடுவான். நானும் ஆமாம்பேன். நல்லா ஓடுன பேரை எவனாவது எறக்குவானா தாயி?”

அவர்கள் சொன்னதில் தவறில்லை. எங்கள் கடைத்தெருவில் அன்று பாதிக் கடைகள் இறந்தவர்களின் பெயரில்தான் நடந்தன. அந்தப் பெயர்ப் பலகையைக் கழற்றுவது கடையை மூடுவதற்குச் சமம். இந்த இருவரும் அந்தப் பெண்ணுக்குத் தங்களிடம் இருந்த மிக உயர்ந்த பொருளைக் கொடுப்பதாகவே நினைத்தார்கள்.

ரெஜினா ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“இந்த ஊர்ல உங்களைத் தெரியாதவங்க யாருங்க இருக்காங்க? பலகையில யார் பேரு இருந்தாலும் உள்ள உக்காந்திருக்கிறது நீங்கதான்னு தெரிஞ்சுதான் வர்றாங்க. கோடம்பாக்கத்துல என் மூஞ்சி யாருக்கும் தெரியாதுங்க. எழுதுனதைத்தான் பார்ப்பாங்க. அவர் பேரைப் பார்த்தா, ‘ஐயோ பாவம், நல்ல டெய்லர், போயிட்டாரு’ன்னு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க.”

“அதுக்காக, படத்துல ஒரு பேரு, கேடயத்துல ஒரு பேருன்னா நாளைக்கு ஒருத்தன் கேக்க மாட்டானா?” என்றார் சண்முகவேல். அவர் கெட்டவர் இல்லை. விதி என்றால் விதி என்பவர். “படத்துல என்ன இருக்கோ அதத்தான் நாம போட முடியும். பேப்பர்காரரு இருக்காரு. நீங்க சொல்லுங்க சார், நீங்க அப்புடித்தான எழுதுவீய?”

அட்டையில் உள்ள பெயரைத்தான் பத்திரிகையும் போடும் என்றேன். அது உண்மை. வேறு பெயர் போடவேண்டுமென்றால் எதையாவது வைத்து உறுதி செய்யவேண்டும் என்றும் சொன்னேன்.

“உறுதின்னா?” என்றார் ரெஜினா. “வீட்ல உக்காந்து தச்சதை யாருங்க பார்த்தாங்க?”

சாய்ந்த தையல்

மதிய லுஹர் தொழுகைக்குப் பாய் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்தார். அதற்குள் ரெஜினா உடைகளை மடிக்கத் தொடங்கியிருந்தார். பேச்சு முடிந்துவிட்டது என்பது அவர் மடித்த விதத்தில் தெரிந்தது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

“செத்த நேரம் இரு தாயி. சரக்கை மடிச்சு வைக்க முந்தி இன்னொருக்கா பாத்துக்கிடுதேன்.”

பாய் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை துணியை விட்டுவிட்டு ஓரங்களைத் தடவினார். கையால் போடும் ஓரத்தையல். வேலைக்காரியின் ரவிக்கை. திவானின் கோட்டு. ராணியின் பட்டு. பிறகு ஜமீன்தார் அங்கியின் வலது கை. அங்கே நின்றார். இடது கைக்குப் போனார். திரும்ப வலது கைக்கு வந்தார்.

“ராஜா, இங்கன தொடுங்க. பொறவு இங்கன தொடுங்க.”

ராஜா தொட்டார். அவரும் கண்ணை மூடித்தான் பார்த்தார்.

“இதுல தையல் இந்தப் பக்கம் சாயுது” என்றார் ராஜா. “இதுல அந்தப் பக்கம் சாயுது.”

“மத்தது பூராவும் அந்தப் பக்கம்தான். இந்த ஒரு கை மட்டும் வேற ஆளு.” பாய் கண்ணைத் திறந்தார். “நீ எந்தக் கையால தைப்ப தாயி?”

ரெஜினா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை போலும். இடது கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலின் நுனி முழுக்க ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள்.

“சின்னதுலேருந்தே இதுதாங்க. மாஸ்டர் கேலி பண்ணுவாரு. என் தையலைப் பார்த்தா அவருக்குக் கழுத்து சுளுக்கிக்குமாம்.”

“அப்ப மாஸ்டர் தச்சது?”

“அந்த வலது கை மட்டும்தாங்க. அதைத் தச்சு முடிச்சுட்டு அடுத்த கைக்கு நூல் கோத்து வச்சிருந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்ப மேசையில அப்படியே இருந்துச்சு. அந்த நூலை எடுத்துதான் இடது கையை நான் தச்சேன்.”

வெளியே ரோட்டில் ஒரு லாரி பஞ்சுப் பொதிகளோடு போனது.

நானும் தொட்டுப் பார்த்தேன். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணால் பார்த்தபோது தெரிந்தது. ஒரு கையில் தையல்கள் மழை ஒரு பக்கம் சாய்ந்ததுபோல. மறு கையில் காற்று மாறியதுபோல.

“பேப்பர்காரரே, இது போதுமா ஒமக்கு?” என்றார் பாய்.

போதும் என்றேன்.

பித்தளையின் மறுபக்கம்

சண்முகவேலுக்கு இன்னும் ஒரு சங்கடம் இருந்தது. விழா அன்று மாலையே, ஸ்ரீவில்லிபுத்தூரில். தகட்டை வெட்டிய மதுரைக் கடைக்குப் போய்வர நேரமில்லை. தேருக்கு வரும் கூட்டத்தால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை.

“தகடு எப்புடி மாட்டியிருக்கு?” என்றார் ராஜா.

திருப்பிப் பார்த்தோம். இரண்டு சிறு திருகாணிகள்.

மூன்று மணிக்கு ராஜாவின் காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். வன்னியம்பட்டி தாண்டியதும் கோபுரம் தெரிய ஆரம்பித்தது; கட்டைவண்டிகளும் சைக்கிள்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. சண்முகவேல் எங்களைத் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனார். சீர் கொடுக்கும் குடத்துக்கும் சட்டிக்கும் பெயர் வெட்டித் தருபவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். திருகாணியைக் கழற்றித் தகட்டை எடுத்தோம். பின்பக்கம் வழவழவென்று காலியாக இருந்தது.

“இதுல வெட்டணும்.”

அவர் தகட்டைத் திருப்பி மாஸ்டர் பெயரை வாசித்தார். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை என்றதும், சரி, பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

“ரெஜினா.”

“இனிசியல்?”

குடத்தில் பெயர் வெட்டுபவர் இனிஷியல் இல்லாமல் வெட்ட மாட்டார். குடம் மாறிப்போய்விடும். ரெஜினா என்னைப் பார்த்தார், பிறகு சண்முகவேலைப் பார்த்தார்.

“சே” என்றார். “சே. ரெஜினா.”

சண்முகவேலின் முகம் தெளிந்ததை அப்போதுதான் பார்த்தேன். “இது சரி. இதுல ரெண்டும் வந்துருச்சு. எவனாவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்.” உடனே அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எதிர்க்கடையில் பால்கோவா வாங்கி வந்து எல்லோருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார். பெயர் வெட்டுபவருக்கும் கொடுத்தார். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டு, கையைத் துடைத்து, மீதி எழுத்தை வெட்டினார். அதனால் ‘னா’ மட்டும் சற்றுக் கீழே இறங்கியிருக்கும்.

குடத்து எழுத்து அது. புள்ளி புள்ளியாக இருந்தது. மாஸ்டரின் பெயர் உள்பக்கமாக, தேக்கை ஒட்டியிருக்க, திருகாணி ஏறியது.

மாலை விழாவில் என்ன நடந்தது என்பது என் செய்தியில் ஒரு பத்தியாக வந்தது. செய்தியில் வராத ஒன்றைச் சொல்கிறேன். பரிசு பெறுபவர் பெண் என்பதால் பொன்னாடையைப் போர்த்துவதா, கையில் கொடுப்பதா என்று மேடையில் ராஜா திகைத்தார். கடைசியில் கையில் கொடுத்தார். ரெஜினா கும்பிட்டுவிட்டு வாங்கினார். வாங்கிய வேகத்தில் அவர் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பொன்னாடையின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டன. பட்டு இல்லை, ரயான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று பாய்க்குத் தெரிந்துவிட்டது. பாய் மைக் இருப்பதை மறந்து சிரித்துவிட்டார். தேரடிவரை கேட்டது.

பத்திரிகையில் வந்த பத்தியின் நான்கைந்து பிரதிகளை ரெஜினா கேட்டிருந்தார். தபாலில் அனுப்பினேன். மறுநாள் காலை அச்சான சங்கத்தின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸிலும் அவர் பெயர் இருந்தது, ‘இரண்டு வேட்டி எடுத்தால் ஒரு துண்டு இலவசம்’ என்பதற்கு மேலே. அதிலும் ஒரு கட்டு எடுத்து அவர் ஊருக்குக் கொண்டுபோனார்.

எழுத்துப் போடும் நேரம்

அதற்கடுத்த கோடையில் பாய் கடைக்கு ஒரு கார்டு வந்தது. ஆவணியில் பூஜை போட்ட கம்பெனியின் படம் வெளிவந்திருக்கிறது. உடை வேலை முழுவதும் தான்தான் செய்ததாகவும், அட்டையில் பெயர் போடுவதாகச் சொன்னார்கள் என்றும், கைக்குழந்தை மாதிரி விட்டு நகர முடியாத வேலை இருப்பதால் இன்னும் படம் பார்க்கப் போகமுடியவில்லை என்றும் ரெஜினா எழுதியிருந்தார்.

அவருக்கு வேலை கிடைத்தது கேடயத்தாலா, பத்தியாலா, நோட்டீஸாலா, அல்லது அந்த மேனேஜரின் நல்ல மனதாலா என்று எனக்குத் தெரியாது. அவரும் எழுதவில்லை.

படம் எங்கள் பக்கம் வர நாளானது. ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டரில் போட்ட முதல் நாள் மதியக் காட்சிக்கு நாங்கள் நான்கு பேரும் போனோம். பாய் சினிமா பார்ப்பவர் இல்லை. மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே வந்து, மூட்டைப்பூச்சி இல்லாத பெஞ்சாகத் தேடி உட்கார்ந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு மாட்டு வண்டி ஓடியது. ஒருவன் அழுதுகொண்டிருந்தான்.

“ஏலே, எழுத்து எங்கடா?” என்று பாய் இருட்டில் எழுந்து நின்றார்.

“உக்காருங்க பாய், மறைக்குது!” என்று பின்னால் சத்தம்.

இடைவேளையில் ஆபரேட்டரிடம் போய்க் கேட்டோம். பல ஊர் ஓடித் தேய்ந்த பிரிண்ட் அது. தொடக்கத்தில் எழுத்து வரும் பகுதி எங்கோ அறுந்துபோய், ஒட்டமுடியாமல் வெட்டிவிட்டிருந்தார்கள். “எழுத்தா? அதை யாரு அண்ணாச்சி பாக்கா?” என்றார் அவர். பாய் மீதிப் படம் பார்க்காமல் கிளம்ப, நாங்களும் கிளம்பிவிட்டோம்.

அடுத்த வாரம் சரக்கு எடுக்க மதுரைக்குப் போன பாய், படத்தை வாங்கி வெளியிட்டவரின் ஆபீஸைத் தேடிக் கண்டுபிடித்து, அறுபடாத பிரிண்ட் எந்த ஊரில் ஓடுகிறது என்று விசாரித்திருக்கிறார். திண்டுக்கல் என்றார்களாம். அங்கிருந்து பஸ் ஏறி, பகல் காட்சிக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிறார்.

மறுநாள் காலை அவர் கடையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். பாய் கல்லாவைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்தி, அதன் பிறகே பேசினார்.

“‘உடைகள் – சே. ரெஜினா.’ தனி அட்டை. கூட ஒரு பேரு கெடையாது. நான் ரெண்டு தடவ வாசிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னுச்சு.”

“படம் எப்புடி பாய்?” என்று கேட்டார் ராஜா.

“பேரு வந்ததும் எந்திரிச்சுட்டேன். மதுர பஸ்ஸு நின்னுக்கிட்டிருந்துச்சு.”

காதர் மைதீன் பாய் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை.